மரப்பெட்டிக்குள் ஒரு பச்சைக் கோடு

கொச்சியில் ஒரு பழைய இரும்புக் கடையில் அந்தக் கண்ணாடிப் படக்குழாயை வாங்கினேன். யுத்தக் கப்பலில் ரேடாருக்கு இருந்தது என்றார் கடைக்காரர். மூன்று அங்குல வட்ட முகம், பின்னால் நீண்ட கழுத்து. இரண்டு வேட்டிகளுக்கு நடுவில் அதைச் சுற்றிக்கொண்டு லாரியேறி, புளியறையில் இறங்கி, தென்காசிக்கு நடந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அதன்பின் எந்த ஊரிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. சாலிடர் வைக்கத் தெரிந்ததால் பட்டினி ஒருபோதும் மூன்று நாளைத் தாண்டவில்லை.

தென்காசியில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் கடையநல்லூர்க்காரர். தறியை அண்ணனிடம் விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர். எல்லோருக்கும் அவர் பாய்.

"இது எரியுமா வே?" என்று குழாயைப் பார்த்துக் கேட்டார்.

"எரியும் பாய்."

"எரிஞ்சு பாத்திருக்கீரா?"

"இல்ல."

சிரித்துவிட்டு என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

கோடை விடுமுறைக்கு முன்னால் பெண்கள் பள்ளியின் சயன்ஸ் டீச்சர் கடைக்கு வந்தார். சத்தத்தின் அலையைப் பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட வேண்டும், அதற்கு ஆஸிலாஸ்கோப் வேண்டும் என்றார். வெளிநாட்டுப் பெட்டி ஒன்றின் விலைக்கு ஒரு வீடே கட்டலாம். அவரிடம் இருந்ததோ மூன்று தையல் மெஷின் வாங்குகிற தொகை. தலைமையாசிரியையான பெரிய டீச்சர் அதைத் தையல் மெஷினுக்கென்றே வைத்திருந்தார். பெட்டி வேலை செய்தால் அறிவியல் அறை, செய்யாவிட்டால் அதே அறை தையல் வகுப்பு. பேச்சு அவ்வளவுதான்.

அந்தப் பணத்துக்குள் என் குழாயை வைத்தே பெட்டி செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, எதை விடுவது என்று பாயும் நானும் தினமும் சண்டை போட்டோம். இரண்டு அலைகளை ஒன்றாகக் காட்டுவது வேண்டாம், ஒன்று போதும். புள்ளியை இடமிருந்து வலமாக ஓட்ட நல்ல வால்வு விலை அதிகம், ஒரு நியான் பல்பை வைத்தோம். அதனால் வலது ஓரத்தில் அலை கொஞ்சம் நெருங்கித் தெரியும், தெரியட்டும். கட்டம் போட்ட கண்ணாடிக்குப் பதில் கழுவின எக்ஸ்ரே பிலிமில் ஊசியால் கீறினேன். டிரான்ஸ்பார்மரின் காந்தம் கோட்டை நெளித்தது. குழாய்க்குக் காந்தம் தடுக்கும் உறை வாங்கப் பணமில்லை. டிரான்ஸ்பார்மரையே ஒரு அடி பின்னால் தள்ளிவைத்தோம். பெட்டி நீண்டுபோனது.

டிரான்ஸ்பார்மரே வேண்டாம், மலிவு ரேடியோக்களைப் போல நேரே மெயினில் கொடுத்துவிடலாம் என்றேன். பாதிச் செலவு மிச்சம்.

"அப்பம் உள்ள இருக்க சேசிஸ் தகட்டுல கரண்டு நிக்குமே?"

"மரப்பெட்டிக்குள்ளதான பாய் இருக்கு."

"பொம்பளப் பிள்ளைக கை வைக்கிற பெட்டி வே. நீரு நாளைக்கே லாரி ஏறிருவீரு. இங்கன கெடக்கப்போறது நான்."

டிரான்ஸ்பார்மர் அப்படியே இருந்தது. ஆனால் பெட்டியை மரத்தில் செய்வதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. எங்கள் ஊர்களில் மதிப்பான ரேடியோ என்றால் பாலிஷ் போட்ட மரம்தான். செங்கோட்டை மரவாடியில் தேக்குத் துண்டுகள் வாங்கி, முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்டோம். எண்ணூறு வோல்ட் போகிற முனைகளையும் அந்த மரத்திலேயே முடுக்கினோம். சித்திரை வெயிலில் கோடு நூல் பிடித்த மாதிரி நின்றது.

ஆனியில் பள்ளி திறந்தது. குற்றாலத்தில் அருவி விழுந்து, இங்கேயும் சாரல் நாலு நாளாக விடவில்லை. வெள்ளிக்கிழமை மாட்டுவண்டியில் பெட்டியைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தோம். பெரிய டீச்சர் எதிரே உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டதும் உள்ளே புஸ்ஸென்று சத்தம். திரையில் கோடு வரவில்லை. பச்சையாக ஒரு கறை, பாசி படிந்த மாதிரி.

"இதான் அலையா?" என்றார் பெரிய டீச்சர். யாரும் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமை தையல் மெஷின்காரர் வருதாரு. அதுக்குள்ள சரியாச்சுன்னா காட்டுங்க."

சயன்ஸ் டீச்சர் வாசல்வரை வந்தார். எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். முனைகளைச் சுற்றி மரம் விரல் பட்டால் ஈரமாக ஒட்டியது. ஈரத்தின் வழியாக மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. பாலிஷுக்குச் செலவழித்த காசில் பாதி இருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். பாய் எதிர்த்த பலசரக்குக் கடைக்குப் போய் நாலு காலி மண்ணெண்ணெய் டின்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அசிங்கமா இருக்குமே பாய்."

"கறையவிட அசிங்கமா? டின்னு ஈரம் குடிக்காது வே."

இரண்டு நாளும் டின்னை வெட்டி, தட்டி, ஈயம் வைத்து, மரத்துக்குப் பதில் புதுப் பெட்டி செய்தோம். முனைகளுக்கு அடியில், மின்சாரம் கசியாமலிருக்க, வீட்டு வயரிங்குக்குப் போடுகிற பீங்கான் துண்டுகள். டின்னிலிருந்து தரைக்கு ஒரு எர்த் வயர். என் விரல்கள் கிழிந்திருந்தன, சோறு பிசைய எரிந்தது.

திங்கட்கிழமையும் சாரல். பெட்டியைப் பார்த்ததும் பிள்ளைகளில் ஒருத்தி, "ஏட்டி, எண்ணெ டின்னுட்டி!" என்றாள். பாய் டின்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார். கோடு வந்தது. மெல்லிய கோடு. சயன்ஸ் டீச்சர் பெட்டியோடு இணைத்திருந்த மைக்கை அந்தப் பிள்ளையிடமே கொடுத்து, முனகச் சொன்னார். கோடு வளைந்து வளைந்து நின்றது. அவள் வெட்கத்தில் நிறுத்தியதும் நேரானது.

"வெளியே என்னட்டி சத்தம்!" என்று பெரிய டீச்சர் தாழ்வாரத்தைப் பார்த்து அதட்டினார். திரை முழுக்கக் கோடு தாறுமாறாகத் துள்ளியது. வகுப்பே சிரித்தது. அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். இன்னொரு தடவை, மெதுவாக, "சத்தம் போடாதிய" என்று மைக்கில் சொல்லிப் பார்த்தார்.

"இது எல்லாத்தையும் காட்டுமா?" என்று பாயிடம் கேட்டார்.

"காட்டாதும்மா. நெறைய விட்டுருக்கோம்."

"என்னென்ன விட்டியளோ அத எழுதிக் குடுங்க. அப்புறம் வாங்கிக்கிடுதேன். மெஷின்காரர நான் திருப்பி அனுப்பிருதேன்."

பாய் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வோல்ட் அளக்க முடியாது. வலது ஓரத்தை நம்பக் கூடாது. அதிவேக அலை தெரியாது. சாயங்காலம் ஊரெல்லாம் விளக்கு போட்டால் கரண்டு குறைந்து படம் சுருங்கும். சயன்ஸ் டீச்சர் என் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி, அந்தத் தாளை டின்மேல் பசை வைத்து ஒட்டினார். முன்பக்கத்தில் இடம் போதவில்லை, மிச்சத்தைப் பக்கவாட்டில் மடித்து ஒட்ட வேண்டியிருந்தது.