ஓசிக் கடலுக்கு ஒரு நன்றி

எனக்கு எழுத்து ஓடாது. பன்வில தோட்டத்துப் பள்ளியில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதினாலும், பேர்களை மறந்துவிட்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்டியில் ஓர் அச்சகத்தில் தாள் மடிப்பதும் புத்தகத்துக்குப் பின் அடிப்பதும் என் வேலை. இப்போது அந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள், இன்டர்நெட்டில் இருந்து படம் எடுப்பது எப்படி என்று கேட்டார்கள். அதற்காக எழுதுகிறேன்.

1. பனிமூட்டம்

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஐடென்டிட்டி கார்ட் இல்லாமல் டவுனுக்குள் இறங்க முடியாது. அப்போதுதான் எங்கள் அச்சகத்துக்கு இன்டர்நெட் வந்தது. முதலாளி தேங்காய் உடைத்து, கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். "இனிமே போட்டோக்காரனுக்கு வேல இல்ல. இதுல இருக்கிறது பூரா ஓசி" என்றார்.

முதலில் எடுத்தது ஒரு நீர்வீழ்ச்சி. கெலிஓயாவில் பேக்கரி வைத்திருந்த ஹாஜியாரின் கலண்டருக்கு. படத்தின் குறுக்கே மங்கலாக எழுத்துகள் ஓடின. அது படத்தை விற்கிற கம்பனியின் பேர் என்று கம்ப்யூட்டரில் வேலை செய்த ரிஸ்வானா சொன்னாள். அச்சடித்தால் தெரியாது என்றார் முதலாளி. அச்சடித்த பிறகு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

ஹாஜியார் இது என்ன என்று கேட்டார். மலைநாட்டில் பனிமூட்டம் இருக்கத்தானே செய்யும் என்றார் முதலாளி. ஹாஜியார் கலண்டரைத் தள்ளிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பனிமூட்டத்தில இங்கிலீசும் எழுதி ஈக்குதே."

அடுத்த வருடம் அவர் வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார்.

2. ரெண்டு சீ

அதற்குப் பிறகுதான் ரிஸ்வானா விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்தாள். சில படங்களுக்குக் கீழே வட்டத்துக்குள் இங்கிலீஸ் சீ எழுத்து ரெண்டு இருக்கும். அதைச் சும்மா எடுக்கலாம். ஆனால் எடுத்தவர் பேரைப் போட வேண்டும். சிலவற்றில் வியாபாரத்துக்கு எடுக்கக் கூடாது என்றும் இருக்கும். அப்படி ஒன்றை அவள் காட்டியபோது, "நாம எங்க வியாபாரம் பண்றோம், சேவைதானே" என்றார் முதலாளி. அவள் எடுக்கவில்லை.

முதலாளி என்னை அவள் பக்கத்தில் உட்கார வைத்தார். பார்ப்பதுதானே வேலை, அதற்குப் படிப்பு எதற்கு என்பது அவர் கணக்கு. அரிசியில் கல் பொறுக்குவது போல நான் ரெண்டு சீயைப் பொறுக்கினேன்.

3. கல்வெட்டு

யாழ்ப்பாணத்து ஆட்கள் செத்த வீட்டின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பேர். செல்லத்துரை ஐயா மனைவிக்குக் கல்வெட்டு அடிக்க வந்தார். தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாவுக்குப் பருத்தித்துறைப் பக்கம் கடற்கரை ஊர். கடைசியாக ஒருமுறை போய்ப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். சண்டையில் பாதை பூட்டிக் கிடந்ததால் போகாமலே கண்டியில் செத்துப்போனார். முன் அட்டையில் அந்தக் கடற்கரையாவது இருக்க வேண்டும் என்று ஐயா கேட்டார்.

அவரிடம் படம் இல்லை. முதலாளி கண்டி வாவிப் படத்தை எடுத்து நீட்டி, தண்ணி தண்ணிதானே என்றார்.

ஐயா கோபப்படவில்லை. "தம்பி, அவ இந்த வாவியை நாளும் பொழுதும் பாத்தவ. இதுக்காக ஒருநாளும் அழேல்லை."

ரிஸ்வானாவும் நானும் தேடினோம். கடைசியில் அகப்பட்டது. சண்டைக்கு இடையில் வந்த சமாதான காலத்தில் பாதை திறந்திருந்தபோது ஒரு வெள்ளைக்காரர் போய் எடுத்த படம். கீழே ஊர்ப்பேர், ரெண்டு சீ, அவர் பேர். ஓலாவ் என்று தொடங்கும். ஐயா கதிரையைக் கிட்ட இழுத்துப் பார்த்தார். "ஓம், இதுதான்" என்றார்.

படம் எடுத்தவர் பேரைப் போட மாட்டேன் என்றார் முதலாளி.

"செத்தது ஒரு ஆளு, அட்டையில பேரு ரெண்டா? பாக்கிறவன் வெள்ளக்காரனுக்கும் சேத்து அழுவான். இந்தச் சண்டை நேரத்துல போலீஸ் பாத்தா, யாரு இந்த வெள்ளக்காரன்னு கேட்டு என்னைய அழ வைக்கும்."

பேர் இல்லையென்றால் படம் இல்லை என்று ரிஸ்வானா மவுசை விட்டுக் கையை எடுத்துவிட்டாள். அப்போது அங்கே வேறு யாருக்கும் அந்த மவுசைத் தொடத் தெரியாது. அந்தியேட்டிக்கு நாள் கிட்டிவிட்டது. கடல் போய்விடும் போல இருந்தது.

ஐயாதான் வழி சொன்னார். "கடைசிப் பக்கத்தில நன்றி நவிலல் இருக்குத்தானே. வைத்தியர் தொடக்கம் கதிரை வாடகைக்குத் தந்தவர் வரைக்கும் போடுறம். கடல் தந்தவரைப் போட்டால் என்ன?"

போலீஸ் வாசித்தால் என்று முதலாளி இழுத்தார்.

"நன்றி நவிலலைப் பொலிஸ் வாசிக்காது, தம்பி. எங்கட சனமே வாசிக்கிறேல்லை."

அப்படியே போட்டோம். கதிரைக்காரருக்கு அடுத்த வரி: அட்டைப் படம் உதவி, ஓலாவ் இன்னார். நானே பின் அடித்தேன்.

ஐயா சொன்னதில் பாதி தவறு. போலீஸ் வாசிக்கவில்லை. சொந்தக்காரர்கள் ஒரு வரி விடாமல் வாசித்தார்கள், தங்கள் பேர் விட்டுப்போயிருக்கிறதா என்று. அதில் ஓலாவைக் கண்டு, இந்தக் குடும்பத்துக்கு வெளிநாட்டில் பெரிய இடத்துத் தொடர்பு இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். கொஞ்ச நாளில் வேறு செத்த வீட்டுக்காரர் ஒருவர் வந்தார். அவருக்குக் கடலும் வேண்டாம், மலையும் வேண்டாம்.

"நன்றி நவிலலில எங்களுக்கும் ஒரு வெள்ளைக்காரன்ர பேர் போடுங்கோ."

முதலாளி ரிஸ்வானாவைப் பார்த்து, "ரெண்டு சீ உள்ளதா ஒன்னு எடும்மா" என்றார். அன்றிலிருந்து எங்கள் அச்சகத்தில் பேர் போடாத படமே கிடையாது.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சும்மா தருகிறவர் காசு கேட்கவில்லை, பேரைத்தான் கேட்கிறார். செத்த வீட்டில் கதிரைக்காரருக்குச் செய்கிற மரியாதையை அவருக்கும் செய்யுங்கள்.

ஒன்று மட்டும் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வெள்ளைக்காரர் ஊர்ப்பேரைச் சரியாகத்தான் போட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஐயாவுக்கு அப்போது இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. பருத்தித்துறைப் பக்கத்து ஆட்கள் யாரிடமாவது அந்தக் கல்வெட்டு இருந்தால் அட்டையைப் பாருங்கள். வேறு ஊர்க் கடலாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஐயா வீட்டுக்குச் சொல்ல வேண்டாம்.