குளியலறைப் பசையும் ஆக்சிஜன் சென்சாரும்

அப்பாவின் காருக்குப் பதினான்கு வயது. ஆண்டுதோறும் புகைச் சோதனையில் தேறினால்தான் சாலை வரி கட்ட முடியும். சென்ற முறை தேறவில்லை. கார்பன் மோனாக்சைடு மிக அதிகம்.

நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். சிங்கப்பூரில், பிடோக்கில் உள்ள எங்கள் வீட்டில் அமர்ந்து பட்டியல் போட்டேன். ஒன்று, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்: நச்சுப்புகையின் கடுமையைக் குறைக்கும் கலம். இரண்டு, ஆக்சிஜன் சென்சார்: எரிபொருள் கூடுதலா குறைவா என்று எஞ்சினுக்குச் சொல்வது. இப்படி ஏழு பாகங்கள். எதிரே, கடைசியாகத் தொட்டவர் யார் என்று ஒரு கட்டம். ஏழிலும் ஒரே ஆள்: இருபது வருடமாக அப்பா தன் கார்களை ஒப்படைக்கும் வொர்க்ஷாப் பாய். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகம் உண்டு, அதை உருவி விற்பவர்களும் உண்டு. அப்பாவிடம் சொல்லாமல் கிளம்பினேன்.

வொர்க்ஷாப் வாசலில் வாடகைக் கார் ஓட்டுநர்கள் இருவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே கேட்டேன்.

"பாய், கன்வெர்ட்டர் உள்ள இருக்கிறத எடுத்துட்டு வெறும் கூட்ட மாட்டிட்டீங்களா?"

"என்னம்மா சொல்ற? உங்கப்பா வண்டில நான் அப்படிச் செய்வேனா?"

"உங்கள விட்டா வேற யாரும் தொடலையே."

ஓட்டுநர்களில் ஒருவர் சிரித்தார். "அட, பாய்! பிளாட்டினமா? வீட்டுல அக்காவுக்கு நெக்லஸா, தோடா?"

பாய் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே உள்ளே போனார். நான் நிதானமாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்தேன்.

வேறொரு வொர்க்ஷாப்பில் கன்வெர்ட்டரைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே தேன்கூடு போன்ற அமைப்பு அப்படியே இருந்தது. கெட்டிருந்தது சென்சார். அதன் முனையில் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. எஞ்சினில் யாராவது சாதாரண சிலிகான் பசை தடவினார்களா என்று அங்கிருந்த சீனத் தொழில்நுட்பர் கேட்டார்.

தடவியது நான். எஞ்சின் மூடியில் எண்ணெய் கசிந்தபோது, பாயிடம் போகலாம் என்ற அப்பாவை "இதுக்கெல்லாமா வொர்க்ஷாப்?" என்று தடுத்துவிட்டு, குளியலறைக் குழாய்க்கு வாங்கிய பசையின் மிச்சத்தைப் பூசியிருந்தேன். அதன் ஆவி எஞ்சினுக்குள் போய் எரிந்து சென்சாரை மூடிவிடும். கல்லூரியில் படித்ததுதான். பட்டியலில் என் வேலைக்கு நான் கட்டமே போடவில்லை.

மறுநாள் பாயிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தேன். முழுவதையும் கேட்டார்.

"தப்பு எல்லாருக்கும் வரும்மா. ஆனா அன்னைக்கு வாசல்ல நின்னுதான பேசுன?"

"அவங்ககிட்டயும் சொல்லிடறேன் பாய்."

"அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் சும்மா வந்து போனவன், ஆளே தெரியாது. இன்னொருத்தன், பூன் லேல இருக்கிறவன்தான் சர்வீஸுக்கு வரேன்னு சொல்லிட்டு வரல."

பாயிடம் தொலைபேசி எண்ணை வாங்கி, அவர் முன்னாலேயே பூன் லே ஓட்டுநரை அழைத்தேன். பாய் எதையும் எடுக்கவில்லை, தவறு என்னுடையது என்றேன். ஸ்பீக்கரில் கேட்டது பதில்.

"ஓ, அப்படியா? பாய் எடுத்துட்டாருன்னு நான் நம்ம டிரைவர் வாட்ஸ்அப் குரூப்ல அப்பவே போட்டுட்டேன் லா."

"அதுல எத்தன பேர் அண்ணா?"

"தெரியல. நெறய பேரு."

நான் சொல்வதை அப்படியே அதில் போடச் சொல்லிக் கெஞ்சினேன். சரி என்றார். போட்டாரா என்று எனக்குத் தெரியாது. பாய் கேட்கவும் இல்லை. நான் வாங்கிக் கொண்டுபோன புது சென்சாரைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு அப்பாவின் காருக்கு அடியில் போய்ப் படுத்தார்.