கார்த்திகேசனின் ஒரு லட்சம்

கடலூர் முதுநகர் கார்த்திகேசனுக்குத் தொழில் சீட்டாட்டம். பொழுதுபோக்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. செம்மங்குப்பத்து ரசாயனக் கம்பெனி வேலையை உதறிவிட்டு, காலை ஒன்பதுக்குச் சட்டை மாட்டி, மூக்குக்கண்ணாடி துடைத்து, செல்போன் ரம்மிக்கு உட்காருவார். ஞாயிறு விடுமுறை. இத்தனை ஒழுங்காக நஷ்டப்பட்ட மனிதரை இந்த மாவட்டம் கண்டதில்லை.

ஆட்டக் கணக்கு மனைவி லோகநாயகியின் பான் கார்டில் இருந்தது. பொம்பளைப் பெயரில் வரி கம்மி என்று டீக்கடையில் ஒரு சட்ட மேதை சொல்லியிருந்தார். முதலீடும் அவளுடையதே: பீரோவில் இருந்த இரண்டு பவுன் செயின். அடகுக்கடைக்குப் போனதை அவளிடம் சொல்லி வருத்தப்படுத்த அவருக்கு மனம் வரவில்லை.

மூன்று வருடம் தோற்றபின், 2024இல் நிகரமாக ஒரு லட்சம் ஜெயித்தார். லோகநாயகியின் வங்கிக் கணக்குக்கு வந்தது எழுபதாயிரம். மீதியை வரியாகப் பிடித்துவிட்டார்கள். கொதித்துப்போய் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே ஆடிட்டராக இருக்கும் தமிழ்மணி லோகநாயகியின் தம்பி. இரண்டு மணி நேரம் காக்கவைத்துவிட்டுத்தான் கூப்பிட்டான்.

"மூணு வருஷ நஷ்டத்தக் கழி மச்சான். ரீசார்ஜு, கண்ணாடி, எல்லாத்துக்கும் பில்லு வச்சிருக்கேன்."

"கழிக்க முடியாது மாமா. ஜெயிச்சா முப்பது பர்சன்ட். செலவு, பழைய நஷ்டம் எதுவும் கெடையாது."

"மளிகைக்கடைக்காரன் கழிக்கிறான்ல? நானும் தொழில்தானய்யா பண்றேன்!"

"அவரு அரிசி விக்கிறாரு. நீங்க இன்னாத்த வித்தீங்க?"

"பொம்பள பேருல இருக்குதே?"

"சீட்டுக்கு ஆம்பள பொம்பள ஒண்ணுதான் மாமா."

தோற்றபோது எட்டிப் பார்க்காத அரசாங்கம் ஜெயித்ததும் பங்காளியாகிவிட்ட துரோகத்தை எண்ணி, கடலூர் வரும்வரை பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தார். எழுபதாயிரமாவது மிச்சம் என்று வீட்டுக்குள் நுழைந்தால், லோகநாயகியின் கழுத்தில் இரண்டு பவுன் செயின்.

"எப்படி...?"

"அடகுச் சீட்டு ஒன் சட்டைப் பையில இருந்துச்சி. தொவைக்கும்போது கெடச்சது. தம்பிகிட்ட அப்பவே சொல்லி வச்சேன். பணம் ஏறி நீ அங்க போனதும் போன் பண்ணான். 'மாமாவ இங்க ஒக்கார வச்சிக்கிறேன், நீ போய் செயின மூட்டுக்க'ன்னான். வட்டியோட அந்த எழுபதாயிரம் சரியாப் போச்சி."

"என்ன ஒரு வார்த்த கேக்கலியே!"

"நீ கேட்டா எடுத்த?"

கார்த்திகேசன் வாசலுக்கு வந்து சிதம்பரத்துக்குப் போன் போட்டார்.

"மச்சான், இதயாவது நஷ்டத்துல காட்டலாமா?"

"காட்டலாம் மாமா. அதுவும் கழியாது."