விசில் அடிக்காத முப்பத்தோராம் நாள்

சுவிட்சர்லாந்தின் பீல் நகர ஆஸ்பத்திரிகளில் இருபத்தாறு ஆண்டுகள் தமிழ்ப் பெண்களுக்கு மொழிபெயர்த்தேன். எந்தப் படிவம் எந்த அலுவலகத்துக்கு, எத்தனை நாளுக்குள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திறமை முழுவதையும் மகளின் பிள்ளைப்பேற்றில் இறக்கினேன். பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் தீட்டு நீக்கும் துடக்குக் கழிவுக்கு மண்டபம், அதற்கான அனுமதி, ஐயர், எண்பது பேருக்குச் சாப்பாடு எல்லாம் ஒரே கோப்பில் ஒழுங்காக இருந்தன. மகளிடம் கேட்பதற்குத்தான் அதில் ஒரு தாள் இருக்கவில்லை.

பதினேழாம் நாள் வீட்டுக்கு வந்த மருத்துவிச்சி, மகளின் பக்கத்தில் அமர்ந்து, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள். பாலும் போதும்" என்று நான் ஜெர்மனில் பதில் சொன்னேன். மகள் இங்கேயே பிறந்தவள். அவளுடைய ஜெர்மன் என்னுடையதைவிட எவ்வளவோ நல்லது.

"உங்கள் மகளைத்தான் கேட்டேன்" என்றார் மருத்துவிச்சி, மெல்லச் சிரித்து.

மொழிபெயர்ப்பவர் தன் கருத்தைச் சேர்க்கக் கூடாது என்பது முதல் விதி. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அதைப் படிப்பித்ததே நான்தான்.

மகள் ஜெர்மனில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு மாறி, என்னைப் பார்த்தே சொன்னாள். "அம்மா, குக்கர் விசிலடிச்சாலே எனக்கு அழுகை வருது. சின்னனிலயும் நான் இப்பிடித்தானே. எண்பது பேர் பிள்ளையைக் கை மாத்தி மாத்தித் தூக்கினா நான் தாங்க மாட்டன். எல்லாரும் செய்யினம், எனக்கு மட்டும் ஏலாமக் கிடக்கு. நான் என்ன தாய்?"

அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. இவளுடைய முப்பத்தோராம் நாளில், சென்ட் வாசனையும் சிரிப்பும் நிறைந்த அறையிலிருந்து நழுவி, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு முகம் கழுவி வந்து எல்லோருக்கும் பலகாரம் கொடுத்தேன். அந்தக் கால் மணி நேரத்துக்காக இத்தனை வருடமாக என்னை நான் மன்னிக்கவில்லை.

அன்றைக்கே மண்டபத்தை ரத்துச் செய்தேன். அதற்குப் படிவம் உண்டு. சொந்தக்காரருக்குச் சொல்வதற்குத்தான் இல்லை. முதலில் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஏன் மச்சாள், பிள்ளைக்குச் சுகமில்லையோ?"

"பிள்ளை நல்ல சுகம். தாய்க்குச் சத்தம் தாங்காது."

"உதென்ன புது வருத்தம்? பிள்ளைக்குக் காய்ச்சலெண்டு சொல்லி விடுங்கோ, சனம் ஒண்டும் கதைக்காது."

"வருத்தமுமில்லை, நோயுமில்லை மச்சாள். அவள் அப்பிடித்தான். நானும் அப்பிடித்தான்."

"நீங்களோ? உந்த வாயை வைச்சுக்கொண்டோ?"

"ஓம், உந்த வாயை வைச்சுக்கொண்டுதான்."

முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து, மணி அடிக்காமல் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். மருமகன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நான் குக்கரை எடுக்காமல் பானையில் சோறு வடித்தேன்.

"அம்மா, என்ர முப்பத்தொண்டில உங்களுக்கு எப்பிடி இருந்தது?" என்று மகள் கேட்டாள்.

'நல்லா இருந்தன்' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"பாத்ரூமுக்குள்ள இருந்து அழுதனான்" என்றேன்.

"குழாயைத் திறந்துவிட்டோ?"

"ஓம்."

"நானும்" என்றாள். சோபாவில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.