சைட் டிரம்மில் ஒரு மணிக்கட்டு

போன மாதம் கரவெட்டியில், காலமாகிவிட்ட என் அண்ணருடைய வீட்டை விற்பதற்காக ஒதுக்கிக்கொண்டிருந்தோம். அண்ணருடைய மகள் கனடாவிலிருந்து வந்து நின்றாள். பரணிலிருந்து ஒரு யூரியாப் பையை இழுத்து வாயை அவிழ்த்தேன். துருவும் எலிப்புழுக்கையும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. உள்ளே ஒரு சைட் டிரம். தூக்கியதும் அதன் அடிப்பக்கத்துக் கம்பிகள் சரசரத்தன.

பெறாமகளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை, ஒரே புளுகம். "சித்தப்பா, உப்பிடிப் பழசுகளை அங்கை ஆக்கள் தேடித் திரியினம். பேர், நம்பர் ஏதும் இருக்கோ பாருங்கோ." துடைத்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. படம் எடுத்து, இப்படியான சாமான் சேர்க்கிறவர்களின் குழு ஒன்றுக்கு அனுப்பினாள். ஒருவர் அமெரிக்க டிரம் என்றார். இன்னொருவர் ஜப்பான் என்றார். மூன்றாமவர், இது டிரம்மே அல்ல, யாரோ பாத்திரத்துக்குத் தோல் மாட்டியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்.

அது எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். வல்வெட்டித்துறைக் கப்பல்காரர் ஒருவர் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்தது. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு. இரண்டிலும் பெயரில்லை. ஒன்று எனக்கு, மற்றது நசீருக்கு. இரண்டில் இது எது என்பதுதான் தெரியவில்லை.

நான் டிரம் அடித்தவன் என்று சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். ஆனால் எண்பதுகளில் எங்களுக்கு ஆறு பேர் கொண்ட ஒரு பாண்ட் இருந்தது. கல்யாணம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, செத்தவீடு, எதற்குக் கூப்பிட்டாலும் போவோம். பித்தளைப் பொத்தான் வைத்த மெரூன் கோட்டு வேறு. என்னுடையதில் இரண்டு பொத்தான் எப்போதும் குறையும். நசீர் யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளை, தையல் மெஷின் திருத்துகிறவன். அவன் அடிப்பான். நான் அவனுடைய கையைப் பார்த்து அடிப்பேன். அவன் தும்மினால் என் தாளம் தடுக்கி விழும்.

தாளம் மட்டுமல்ல, நாங்களும் ஒருமுறை விழுந்தோம். நான் சைக்கிள் உழக்க, நசீர் இரண்டு டிரம்மையும் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் இருந்தான். நீர்வேலியில், என் வீட்டுக்குக் கிட்டத்தான், ஒழுங்கைக்குள்ளிருந்து வாழைக்குலை ஏற்றிய வண்டி திடீரென்று வெளியே வந்தது. எனக்கு இடது மணிக்கட்டு முறிந்தது, அவனுக்கு வலது. இரண்டு டிரம்மின் அடித்தோலும் கல்லில் கிழிந்தன.

கொழும்புக்குப் போய்ப் புதுத் தோல் வாங்க முடியாத காலம் அது. ஆஸ்பத்திரியில் தந்த எக்ஸ்ரே படங்களை நசீர் கொண்டுவந்து வைத்தான். "கை உடைஞ்சதாலை வந்த படம். டிரம் உடைஞ்சதுக்கு உதவட்டும்." கை எலும்பு தெரியும் பகுதியை வட்டமாக வெட்டி, சைக்கிள் டியூப் ஒட்டும் சொலூசன் பூசி, கிழிசலுக்கு மேல் ஒட்டினோம். சத்தம் கொஞ்சம் கரகரத்தது. செத்தவீட்டுக்கு அதுவே நல்லது என்று ஒருவர் பாராட்டினார். இப்போதும் பஞ்சர் ஒட்டுகிற கடையைத் தாண்டும்போது என் மணிக்கட்டு குறுகுறுக்கும்.

தொண்ணூறாம் ஆண்டு, ஒக்டோபர் மாதம், ஊரைத் துவக்கோடு ஆண்ட இயக்கம், யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனங்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னது. எனக்குச் செய்தி தெரிந்தது பொழுதுபட்ட பிறகு. அடுத்த நாள் காலை சைக்கிளில் போனேன். நசீருடைய தெருவில் ஒரு மனிதர் இல்லை. ஒரு வீட்டுக் குசினியில் அரிசி களைந்தபடி இருந்தது. நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் அண்ணர் வீட்டுக்கு ஒரு பெரிய அலுமாரி வந்தது. எங்கிருந்து வந்தது என்று குடும்பத்தில் ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தொண்ணூற்றைந்தில் ஆமி வர, எங்களுடைய முறை. நீர்வேலியை விட்டு எல்லாரும் ஓடினோம். என் டிரம் வீட்டோடு போயிற்று என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். ஆனால் நாங்கள் திரும்பி வந்தபோது, அண்ணர் இடையில் வந்து சில சாமான்களைக் கட்டிக்கொண்டு போனதாக அயலில் சொன்னார்கள். அப்படியானால் பரணில் கிடந்தது என்னுடையதாக இருக்கலாம். இல்லாவிட்டால் அந்த அலுமாரியோடு வந்ததாகவும் இருக்கலாம். கேட்பதற்கு அண்ணர் இல்லை.

டிரம்மைக் கவிழ்த்தேன். ஒட்டு அப்படியே இருந்தது. வெயிலில் பிடித்தால் உள்ளே ஒரு மணிக்கட்டு. என் கையாக இருக்கவேண்டும் என்று நல்லூரானுக்கு நேர்ந்துகொண்டேன். அறுபத்தைந்து வயதில் மனிதன் எதற்கெல்லாம் நேர்கிறான் பாருங்கள்!

தெரிந்த எக்ஸ்ரேக்காரப் பிள்ளையிடம் கொண்டுபோய், இது இடக் கையா வலக் கையா என்று கேட்டேன். "ஐயா, ஓரத்திலை எழுத்து இருந்திருந்தாச் சொல்லலாம். அதையும் வெட்டிப்போட்டியள். படத்தைப் பிரட்டி ஒட்டினா இடது வலதாத் தெரியும்" என்றாள். எந்தப் பக்கம் ஒட்டினோம் என்று யாருக்கு ஞாபகம்? முன்பாவது எனக்குத் தெரியாது என்று தெரிந்திருந்தது. இப்போது அதிலும் குழப்பம்.

கடைசியில் நசீரிடமே போனேன். புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்து, பழைய தெருவிலேயே ஒற்றை அறை ஒன்றில் மெஷின் திருத்துகிறான். மாதத்தில் ஒருநாள் போவேன், பிளேன்ரீ குடிப்போம், கால்வலி பற்றிக் கதைப்போம். அவன் விட்டுப்போன வீட்டைப் பற்றி மட்டும் கதைத்ததில்லை.

"எங்காலையடா?" என்றான்.

"அண்ணையின்ரை பரணிலை கிடந்தது."

வாசல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தான். "உன்ரை கையடா. எனக்கு ரெண்டு எலும்பும் முறிஞ்சது. இதிலை ஒண்டுதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப இது என்ரை டிரம்" என்றேன், தேவைக்கு மேல் சத்தமாக.

நசீர் என்னைப் பார்த்தான். "மறந்துபோனியே? மாத்தியெல்லோ ஒட்டினனாங்கள். என்ரை கையை உன்ரை டிரம்மிலை ஒட்டினா நீயும் ஒழுங்கா அடிப்பாய் எண்டு நான்தான் சொன்னனான்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. இன்றுவரை வரவில்லை. ஆனால் அது அவனுடைய பகிடிதான். வேறு யாருக்கும் அப்படி ஒரு பகிடி வராது. அப்படியானால் என் கை ஒட்டியிருக்கும் இந்த டிரம் அவனுடையது, அலுமாரியோடு வந்தது.

"நசீர், அண்ணை அந்த நேரம் உங்கடை வீட்டிலை..." என்று தொடங்கினேன். அண்ணர் எடுத்தாரா, எடுத்தவர்களிடம் வாங்கினாரா என்று எனக்கே தெரியாதபோது எப்படி முடிப்பது? வெட்கத்தில் காது சுட்டது.

அவன் டிரம்மைப் பைக்குள் வைத்து, வாயைக் கட்டி, என் பக்கம் தள்ளினான். "கொண்டு போ. உன்ரை எண்டே சொல்லு. செத்த மனுசனைப் பற்றி ஏன் ஊர் கதைக்கோணும்?"

"உன்ரையடா இது."

"இஞ்சை எங்கை வைக்கிறது?" என்று அறையைக் காட்டினான்.

நான் இன்னும் ஒருமுறை வற்புறுத்தியிருக்கவேண்டும். செய்யவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். எங்கள் பாண்ட்டில் இருவர் செத்துவிட்டார்கள், இருவர் வெளிநாடு. நசீருடைய பழைய வீடு நின்ற இடத்தில் அத்திவாரக் கல்கூட இல்லை, பற்றைக்காடுதான் நிற்கிறது.

கரவெட்டியில் பெறாமகள் படலையடியில் நின்றாள். "கண்டுபிடிச்சிட்டியளோ சித்தப்பா? ஆரின்ரை டிரம்?"

"என்ரைதான்" என்றேன்.

நசீருடைய வீட்டிலிருந்து மிஞ்சியிருந்த ஒரே பொருளும் அந்தச் சொல்லோடு இல்லாமல் போயிற்று.