காலை உள்ளே எடுங்கோ

படகு ஓட்டுறது பெரிய வேலையில்லை, அதை இறங்குதுறையில கொண்டுவந்து அணைக்கிறதுதான் வேலை. அந்த நேரத்தில துறையில நிண்டு கயிறு பிடிக்கிற ஆள் நான். முகத்துவாரத்தில, ஆறு கடலில விழுற இடத்துக்குக் கொஞ்சம் உள்ளுக்கு, ஆக்களை ஏத்திச் சுத்திக் காட்டுற படகு எங்கட. அணைக்கேக்க படகுக்கும் துறைக்கும் நடுவில ஒரு சாண் இடைவெளி வரும். அதுக்குள்ள கையோ காலோ போய், தண்ணி ஒருக்காத் தள்ளினாக் காணும், எலும்பு நொறுங்கிப் போகும்.

வேலையில சேர்ந்த அண்டைக்கே முதலாளி ரெண்டு கட்டளை போட்டார். ஒருத்தருக்கும் கீறல்கூட விழக்கூடாது, விழுந்தா எனக்கு வேலை இல்லை. ஒருத்தரோடயும் சத்தம் போட்டுக் கதைக்கக்கூடாது, கதைச்சாலும் வேலை இல்லை. இந்த ரெண்டுக்கும் நடுவில கொழும்புச் சனத்தை எப்பிடி இறக்கிறதெண்டு உங்களுக்காவது விளங்குதோ?

ஓடுற பஸ்

நீங்களும் காலி வீதி பஸ்ஸில போறனீங்கள்தானே. பஸ் முழுசா நிக்கும் எண்டு ஆர் காத்திருக்கிறது? வெள்ளவத்தையில இருந்து வந்த ஐயா ஒருத்தர், படகு துறையைத் தொட முதலே ஒரு காலை வெளியில விட்டுக்கொண்டு நிண்டார். "ஐயா, தயவுசெய்து இருங்கோ" எண்டு தேனாச் சொன்னன். பாய்ஞ்சிட்டார். கயிறை விட்டிட்டு அவற்ர சேட்டுக் கொலரைப் பிடிச்சு இழுத்தன். ஆள் தப்பினார், படகு மற்ற ஆக்களோட திரும்ப ஆத்துக்குப் போட்டுது.

அவர் கசங்கின சேட்டை நீவிக்கொண்டு சொன்னார்: "தம்பி, நீர் கயிறை விட்டதாலதான் படகு போனது. வேலையைக் கவனமாச் செய்யும்."

ஆளுக்கொரு கை

எங்கட ஊரில ஒரு வான் ரிவர்ஸ் எடுத்தாக் காணும், றோட்டில போறவை எல்லாம் கை காட்டத் தொடங்கிடுவினம். படகுக்கும் அதே மரியாதைதான். ஒரு சிங்களப் பெடியன் "ஹரி ஹரி, தவ டிகக்", சரி சரி இன்னும் கொஞ்சம் எண்டு கிட்ட வரச் சொல்லுறான். அவனுக்குப் பக்கத்தில ஒருத்தர் போதும் போதும் எண்டுறார். ஐஸ்கிறீம் விக்கிறவர் இடப்பக்கம் காட்டுறார். நானும் என்ர பங்குக்குக் கையை ஆட்டினன்.

படகு ஓட்டுற அந்தோனி அண்ணன் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு அங்கயிருந்து கேட்டார்: "டேய், இவ்வளவு கையில உன்ர கை எது?"

லைஃப் ஜாக்கெட்

வத்தளை அன்ரி ஒருத்தர், துறை கண்ணுக்குத் தெரிஞ்ச உடனே லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டி வடிவா மடிச்சிட்டா. இறங்கேக்கதான் ஆக்கள் விழுறது, போடுங்கோ எண்டு கெஞ்சினன். அவ கரையை ரெண்டு பக்கமும் வடிவாப் பாத்தா.

"ஏன் தம்பி, இஞ்ச பொலிஸ் நிக்குதோ?"

பிலோமினா

ஒரு ஞாயிறு, பூசை முடிஞ்சு என்ர மனிசி பிலோமினாவும் படகில வந்தவ. திரும்பி அணைக்கேக்க நல்ல காத்து. வழக்கம்போல எல்லாரும் எனக்குக் கட்டளை போடுகினம். புருஷன் தனியக் கிடந்து இழுபடுறானே எண்டு அவவுக்குப் பொறுக்கேல்லை. படகு இடிபடாமல் தள்ளிப் பிடிக்கக் காலை வெளியில நீட்டிட்டா.

எனக்கு அவவின்ர செருப்பு மட்டுந்தான் தெரிஞ்சது. தயவுசெய்து எல்லாம் மறந்து போச்சு. "காலை எடடி, எருமை!" எண்டு கத்தின கத்தலில, எழும்பி நிண்ட முழுப் படகும் இருந்திட்டுது. அவ காலை இழுக்கவும், அந்த இடத்திலயே படகு மடாரெண்டு இடிக்கவும் சரி. நான் கயிறை மறந்து அவவின்ர காலையே பாத்துக்கொண்டு நிண்டன், அந்தோனி அண்ணன்தான் கட்டினார். அண்டைக்குத்தான் சனம் நான் சொல்லுமட்டும் இருந்து, ஒவ்வொருத்தரா இறங்கினது.

பஸ்ஸில கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் திரும்பினம். இறங்கி நடக்கேக்க அவ கேட்டா: "என்னை ஏசினது சரி. மற்ற ஆக்களுக்கு மட்டும் ஏன் தயவுசெய்து? அவையின்ர கால் போனாப் பரவாயில்லையோ?"

அண்டையில இருந்து எல்லாரையும் என்ர வீட்டு ஆக்கள் மாதிரித்தான் ஏசுறன். முதலாளியிட்ட முறைப்பாடு போகுது, கால் எல்லாம் முழுசா வீட்டுக்குப் போகுது, நான் வேலையை ஒழுங்காச் செய்யிறனோ இல்லையோ எண்டதுதான் இன்னும் விளங்கேல்லை.