திங்கட்கிழமை மட்டும் செத்துப்போகும் பேட்டரி

அந்தக் கார் திங்கட்கிழமை காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. மற்ற நாட்களில் சாவியைத் திருப்பியதும் எடுத்துக்கொள்ளும். தருமபுரியில் புளி மண்டி வைத்திருக்கும் ஒருவருடைய வண்டி அது. வாரம் முழுக்க மொரப்பூர், அரூர் என்று சுற்றும். சனிக்கிழமை சாயங்காலம் மண்டி வாசலில் நிறுத்தினால் திங்கள் காலையில்தான் எடுப்பார்கள். மூன்றாவது திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலையில் எனக்கு அது இருபத்தெட்டாவது வருடம். அவ்வளவு அனுபவம் இருந்தும் அன்று நான் நடந்துகொண்டதை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

பேட்டரி புதியது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் சரியாக இருந்தது. ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்து கொடுத்தேன். நிறுத்திய வண்டியில் கரண்ட் எங்கே போகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். கடையில் நாலு வண்டி காத்திருந்ததால் பார்க்கவில்லை. "யாராவது லைட்ட ஆன்ல விட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மண்டிக்காரர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் சவரிமுத்துவிடம் எப்போதும் ஒரு சாவி இருக்கும். ஞாயிறு அவருக்கு லீவு, சர்ச்சில் பூசைக்குப் போவார். அதுவே முதலாளிக்குச் சந்தேகம். புளியில் கொட்டை எடுக்கும் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும் கத்தினார்: "பூசைக்குப் போறேன்னு லீவு வாங்கிட்டு, வண்டியில உக்காந்து ஏசி போட்டு பாட்டு கேக்கறான்! பொய்யன்! சாவிய வெச்சுட்டுப் போடா!"

மூன்று நாள் கழித்துச் சவரிமுத்து என் கடைக்கு வந்தார். நாற்பது வயதுக்காரர், அழாத குறை. "அண்ணா, வூட்ல ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க. நாலு எடத்துல வேல கேட்டுட்டேன். 'நீதான அந்தப் பாட்டு கேட்ட டிரைவரு'ன்னு சிரிக்கறாங்க. நீங்க சொன்ன ஒரு வார்த்தைங்க."

அடுத்த திங்கட்கிழமையும் அந்த வண்டி எடுக்கவில்லை. இப்போது இரண்டு சாவியும் மண்டிக்காரரிடம்தான் இருந்தன. அப்போதாவது யோசிப்பார் என்று பார்த்தால், "போறப்ப என்னமோ பண்ணி வெச்சுட்டுப் போயிருக்கான், வந்து பாருப்பா" என்று போன் செய்தார். சவரிமுத்துவையும் கூட்டிக்கொண்டே போனேன்.

"இவரு வண்டிய வெளிய எடுத்துட்டுப் போனதா சொல்றீங்களா?" என்று கேட்டேன்.

"வண்டி நகரல. அது எனக்கு நல்லாத் தெரியும்."

"ஞாயித்துக்கெழம நீங்க இங்க வர்றதே இல்லையே, எப்படிங்க தெரியும்?"

"தெரியும்னா தெரியும். வேலயப் பாருப்பா."

பார்த்தேன். முதலில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றினேன். பிறகு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவே மல்டிமீட்டரைப் பத்து ஆம்பியரில் மாட்டினேன். பானெட், கதவு லாக்குகளை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்து, அரை மணி நேரம் யாரையும் வண்டியைத் தொட விடவில்லை. இந்தக் காலத்து வண்டிகளில் கம்ப்யூட்டர் தூங்கிய பிறகு வரும் ரீடிங்தான் உண்மை. ஐம்பது மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அறுநூற்று இருபது காட்டியது. ஒரு ராத்திரிக்கு வண்டி தாங்கும், இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் தாங்காது.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எதற்கும் ரீடிங் இறங்கவில்லை. அப்படியென்றால் ஃபியூஸ் பாக்ஸுக்கு வராமல், பேட்டரியிலிருந்து நேராக ஏதோ ஒன்று கரண்ட் எடுக்கிறது. பாசிட்டிவ் டெர்மினலில் மெல்லிய சிவப்பு வயர் ஒன்று கூடுதலாக இருந்தது. அதைத் தொடர்ந்து போனால் டேஷ்போர்டுக்கு அடியில் கறுப்பு டேப் சுற்றிய சின்ன டப்பா. தொட்டால் சுட்டது. வண்டி எங்கே போகிறது என்று போனில் காட்டும் ஜிபிஎஸ் டிராக்கர். உள்ளே இருந்த சின்ன பேட்டரி கெட்டுப்போய், ஓயாமல் சார்ஜ் இழுத்துக்கொண்டிருந்தது. வயரைப் பிடுங்கியதும் மீட்டர் முப்பதுக்கு வந்தது.

"இத மாட்டுனது யாருங்க?"

மண்டிக்காரர் வெட்கப்படவே இல்லை. "நான்தான். இவன் வண்டிய எடுத்துட்டு ஊரு சுத்தறானான்னு பாக்க, ரெண்டு மாசம் முன்ன மாட்டுனேன்."

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. ஒளித்து வைத்தவர் இவர். வண்டி நகரவில்லை என்று இவர் போனே இவருக்குச் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகும், நகரவில்லை என்றால் உள்ளே உட்கார்ந்து பாட்டு கேட்டான் என்று புதிதாக ஒரு குற்றம் கட்டியிருக்கிறார். ஒரு மனிதனைக் குற்றவாளியாக்கித்தான் தீருவேன் என்று இருப்பவருக்கு என்ன மீட்டர் வைத்துக் காட்டுவது?

"சரி, அதக் கழட்டிட்டு நல்லதா ஒண்ணு மாட்டு. சவரி, நாளையிலேர்ந்து வந்துரு" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

சவரிமுத்து நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. "எல்லார் முன்னாலயும்தாங்க பொய்யன்னு சொன்னீங்க. இல்லன்னும் அவங்க முன்னாலயே சொல்லிடுங்க, வர்றேன்."

"வேலைக்கு வான்னு கூப்புடறேன்ல, அப்பறம் என்ன?" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அவர் சொல்ல மாட்டார். ஆனால் இதை ஆரம்பித்து வைத்தவன் நான். அந்த டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனேன். "அம்மா, லைட்ட ஆன்ல விட்டிருப்பாங்கன்னு சொன்னவன் நான்தான். அளந்து பாக்காம சொன்னேன். பேட்டரிய இறக்குனது இது. மாட்டுனது உங்க முதலாளி. சவரிமுத்து மேல ஒரு தப்பும் இல்ல."

சத்தமாகவே சொன்னேன். உள்ளே இருந்தவருக்கும் கேட்டிருக்கும்.

ஒரு அம்மா கையில் இருந்த புளியைக் கீழே வைத்தார். "எங்களுக்குத் தெரியுங்க. நாங்களும் அதே கோயில்தான். திருவிழா வருதுன்னு, பூச முடிஞ்சு பொழுதெறங்கற வரைக்கும் கோயிலுக்கு வெள்ள அடிச்சாரு. அந்த மாசம் எல்லா ஞாயித்துக்கெழமயும் அதே வேலதான். எங்கள யாரும் கேக்கலீங்க."

சவரிமுத்து அங்கே திரும்பப் போகவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். மண்டிக்காரருக்கு வேறு டிராக்கர் மாட்ட நான் போகவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மீட்டர் வைக்காமல் யார் மேலும் பழி விழும்படி பேசாதீர்கள். அன்று கரண்ட் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. சவரிமுத்து மேல் தப்பில்லை என்று தெரிய, அந்தப் பெண்களிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். மண்டிக்காரரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.